ரொனால்ட் ராஸ் கோட்டைவிட்ட காய்ச்சல்

ஆகஸ்ட் 20 வந்தால் உலகக் கொசு நாள். அன்றைக்கு மட்டும் ரொனால்ட் ராஸ் எல்லோருக்கும் ஞாபகம் வருவார். மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்று நிரூபித்தவர், 1902-ல் நோபல் பரிசு வாங்கியவர், அந்த வேலையை இந்தியாவில் உட்கார்ந்து செய்தவர். ஆறாம் வகுப்புப் பொது அறிவுக் கேள்விக்கு இது போதும்.

பாடப்புத்தகத்தில் வராத ஒரு பகுதி அவர் வாழ்க்கையில் இருக்கு. கொசுவைக் கண்டுபிடித்த அடுத்த வருஷமே, வேறு ஒரு காய்ச்சலை ஆராய அவரை அனுப்பினார்கள். உலகத்திலேயே மலேரியாவை அவ்வளவு நெருங்கிப் பார்த்த ஆள் வேறு யாரும் கிடையாது. அந்தக் காய்ச்சலையும் பார்த்துவிட்டு, இதுவும் மலேரியாதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அது மலேரியாவே இல்லை.

மதுரைக்காரங்களுக்கு இந்தக் கதை ரொம்பத் தேவை. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஹாஸ்டலில் பாதி அறை காய்ச்சலில் படுத்திருக்கும். ஒருத்தனுக்கு டெங்கு, ஒருத்தனுக்கு டைபாய்டு, இன்னொருத்தனுக்கு ரிப்போர்ட்டில் ரெண்டுமே பாசிட்டிவ். உடம்பில் தடிப்பு வந்தால் வீட்டிலிருந்து அம்மா போன் போட்டு, அம்மை போட்டிருக்கு, வேப்பிலை வை என்பாங்க. இதில் எது உண்மையான காய்ச்சல், எது கூட வந்தது, எது பழைய கணக்கு? ராஸ் தடுமாறியது இதே கேள்வியில்தான்.

விருப்பமில்லாமல் டாக்டர் ஆனவர்

ராஸ் பிறந்தது 1857 மே 13, இமயமலை அடிவாரத்தில் இருக்கும் அல்மோராவில். அந்த வருஷம்தான் சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்தது. அப்பா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் ராஸ்தான் மூத்தவர். எட்டு வயசில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவருக்குப் பிடித்தது ஓவியம், கவிதை, இசை, கணக்கு. அப்பாவுக்குப் பிடித்தது மருத்துவம். யார் ஜெயித்தார்கள் என்று சொல்லவே வேண்டாம், நம்மில் பல பேருக்கு இந்தக் கதை தெரியும். லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் சேர்ந்தார். பாடத்தில் மனசு ஒட்டவில்லை. எப்படியோ தேறி, 1881-ல் இந்திய மருத்துவப் பணிக்குத் தேர்வாகி, மதராஸ் மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார். நம்ம மதுரையும் அப்போது அந்த மாகாணத்தில்தான் இருந்தது.

அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷம் மதராஸ், பெங்களூர், பர்மா, அந்தமான் என்று ஊர் ஊராக மாற்றல். வேலை அதிகமில்லை. நாவல் எழுதினார், கணக்கில் மூழ்கினார். 1883-ல் பெங்களூரில் தன் பங்களாவில் கொசுத் தொல்லை தாங்க முடியாமல் தேடினபோது, ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் புழு நெளிவதைப் பார்த்தார். தொட்டியைக் கவிழ்த்ததும் கொசு குறைந்தது. ஊர் முழுக்க இப்படிச் செய்தால் என்ன என்று மேலதிகாரியிடம் சொல்லிப் பார்த்தார். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காற்றைக் குற்றம் சொன்ன காலம்

அந்தக் காலத்தில் காய்ச்சல் பற்றி என்ன தெரியும்? ரொம்பக் கொஞ்சம்தான்.

ஓர் உதாரணம் நம்ம ஊரிலேயே இருக்கு. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பகுதிகளில் ஒரு கொள்ளைக் காய்ச்சல் அடித்தது. காரணம் கண்டுபிடிக்க மதராஸ் அரசாங்கம் மருத்துவர்கள் குழு ஒன்றைப் போட்டது. வில்லியம் ஐன்ஸ்லி அதில் ஒருவர். அவர்களுடைய அறிக்கை பின்னால் லண்டனில் புத்தகமாகவும் வந்தது. மலை, காடு, தேங்கிய நீர், மாறிப்போன பருவம், அதிலிருந்து எழும் கெட்ட காற்று என்றுதான் அன்றைய மருத்துவம் யோசித்தது. மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள்.

காய்ச்சலுக்குப் பெயர் வைத்ததும் வெளியே தெரிந்த அடையாளத்தை வைத்துத்தான். நம்ம பக்கம் குளிர்காய்ச்சல், முறைக்காய்ச்சல், மலைக்காய்ச்சல், விஷக்காய்ச்சல். ஆங்கில மருத்துவர்களும் விட்டு விட்டு வருவது, விடாமல் அடிப்பது என்று பிரித்தார்கள். ஒரே பெயருக்குள் நாலு நோய் ஒளிந்திருக்கலாம், ஒரே நோய் நாலு பெயரில் திரியலாம். எல்லாத்துக்கும் மருந்து ஒன்றுதான்: கொய்னா.

1880-ல் அல்ஜீரியாவில் இருந்த பிரெஞ்சு ராணுவ மருத்துவர் லாவெரான், மலேரியா நோயாளியின் ரத்தத்தில் ஓர் ஒட்டுண்ணியைப் பார்த்தார். ராஸ் இந்தியாவில் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. அதனால் லாவெரான் சொன்னதையே நம்பாமல், குடலில் சேரும் நஞ்சால்தான் பல காய்ச்சல்கள் வருகின்றன என்று கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். 1894-ல் விடுமுறைக்கு லண்டன் போனபோது பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் மைக்ரோஸ்கோப்பில் அந்த ஒட்டுண்ணியைக் காட்டினார். யானைக்கால் புழு கொசுவுக்குள் வளர்வதை முன்பே கண்டுபிடித்தவர் அவர். மலேரியாவிலும் கொசுவுக்குப் பங்கு இருக்கும் என்று அவருக்குச் சந்தேகம். அதை நிரூபிக்கும் வேலையை ராஸ் எடுத்துக்கொண்டார்.

ஒரு கொசு, ஓர் அணா

1895-ல் செகந்திராபாத். மலேரியா நோயாளிகளைக் கொசுவலைக்குள் படுக்க வைத்து, கொசுவைக் கடிக்கவிட்டு, பிறகு அந்தக் கொசுவை அறுத்துப் பார்ப்பது. இதுதான் தினசரி வேலை. ஹுசேன் கான் என்ற நோயாளிக்கு, கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. பங்கா போட்டால் கொசு பறந்துவிடும் என்று விசிறிகூட இல்லாமல் உட்கார்ந்தார். நெற்றி வியர்வை சொட்டிச் சொட்டி மைக்ரோஸ்கோப் திருகு துருப்பிடித்தது.

இரண்டு வருஷம் கையில் எதுவும் சிக்கவில்லை. காரணம் ரொம்ப எளிமை. அவர் அறுத்ததெல்லாம் வேறு ஜாதிக் கொசு. மலேரியாவைச் சுமப்பது அனாஃபிலிஸ் மட்டும்.

நடுவில் 1897-ல் விடுமுறைக்கு ஊட்டி வந்தார். அங்கிருந்து சீகூர் கணவாய்ப் பக்கம் மலேரியா பார்க்கப் போனவருக்கே மலேரியா வந்துவிட்டது. தேறி செகந்திராபாத் திரும்பினார். சிறகில் புள்ளி வைத்த ஒரு கொசு ஜாதி கைக்குக் கிடைத்தது. 1897 ஆகஸ்ட் 20 அன்று அதன் வயிற்றுச் சுவரில், முன்பு எந்தக் கொசுவிலும் பார்க்காத வட்டமான செல்களைப் பார்த்தார். உள்ளே மலேரியா ஒட்டுண்ணிக்கே உரிய கறுப்புத் துகள். தேடியது கிடைத்துவிட்டது.

உடனே ராணுவம் அவரை மலேரியாவே குறைவாக இருந்த கேர்வாராவுக்கு மாற்றியது. மேன்சன் தலையிட்டதால் 1898-ல் கல்கத்தா வந்தார். அங்கே மனிதர்களை விட்டுவிட்டுப் பறவை மலேரியாவில் இறங்கினார். ஜூலையில் ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேருவதைப் பார்த்தார். கொசு கடித்தால் நோய் எப்படிப் பரவுகிறது என்ற முழுச் சங்கிலியும் கிடைத்தது. முகமது பக்ஸ் என்ற உதவியாளர் இதில் அவருக்குப் பெரிய துணை.

மனித மலேரியாவிலும் இதே சங்கிலியை முடித்துவிட ராஸ் துடித்துக்கொண்டிருந்தார். அரசாங்கம் வேறு வேலை கொடுத்தது. அசாமுக்குப் போ, காலா அசார் என்னவென்று பார்.

அசாமில் மூன்று பதில்கள்

காலா அசார் என்றால் கறுப்பு நோய். வாரக்கணக்கில் காய்ச்சல், உடம்பு உருகும், மண்ணீரல் வீங்கி வயிறு முன்னால் தள்ளும், தோல் கறுக்கும். கடைசியில் பெரும்பாலும் சாவுதான். பிரம்மபுத்திரா ஓரமாக ஊர் ஊராக ஏறி வந்தது. பல கிராமங்கள் காலியாயின. தேயிலைத் தோட்ட முதலாளிகளுக்கும் பயம், அரசாங்கத்துக்கும் பயம்.

ராஸுக்கு முன்னால் 1889-ல் ஜைல்ஸ் என்ற மருத்துவர் போனார். நோயாளிகளின் குடலில் கொக்கிப்புழு இருந்தது. ரத்தசோகையும் இருந்தது. அதனால் இது கொக்கிப்புழு நோய் என்று எழுதினார். அதற்குப் பிறகு டாப்சன் என்ற மருத்துவர் ஒரு காரியம் செய்தார். நல்லா இருக்கிற ஆட்களையும் பரிசோதித்தார். அவர்களிலும் பெரும்பாலானவர்களுக்குக் கொக்கிப்புழு இருந்தது! ஊரிலேயே எல்லோருக்கும் இருக்கும் ஒரு புழு, சிலருக்கு மட்டும் வரும் நோய்க்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது?

அடுத்து 1896-ல் லியோனார்ட் ரோஜர்ஸ் வந்தார். அவர் சொன்னது: இது தீவிரமடைந்த மலேரியா.

மூன்றாவதாக ராஸ். நவ்காங் பகுதியில் நோயாளிகளைப் பார்த்தார். சிலர் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணி இருந்தது. வீங்கிய மண்ணீரல் மலேரியாவுக்கும் உண்டு, காய்ச்சலும் உண்டு. நோய் முற்றினவர்களின் ரத்தத்தில் ஒட்டுண்ணி கிடைக்காதபோது, மலேரியா உண்டாக்கிவிட்டுப் போன பின்விளைவு என்று எடுத்துக்கொண்டார். 1899-ல் அறிக்கை கொடுத்தார். அடிப்படை மலேரியாதான் என்றது அது.

கவனியுங்கள், இதில் பொய் எதுவும் இல்லை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தது நிஜம். கணக்கில்தான் கோளாறு. ஒரு பேச்சுக்கு, ஒரு கிராமத்தில் நூறு பேரில் அறுபது பேர் ரத்தத்தில் எப்போதும் மலேரியா ஒட்டுண்ணி இருக்குன்னு வச்சுக்குவோம். அந்த ஊரில் கால் ஒடிந்த நூறு பேரைச் சோதித்தாலும் சுமார் அறுபது பேருக்கு மலேரியா பாசிட்டிவ் வரும். மலேரியாவால் கால் ஒடிந்தது என்று யாரும் எழுத மாட்டோம். ஆனால் காய்ச்சல் நோயாளியிடம் அதே பாசிட்டிவ் வந்தால் உடனே எழுதிவிடுவோம், ஏன்னா அது பொருந்துகிற மாதிரி இருக்கு. ஜைல்ஸ் விழுந்த அதே குழியில் ராஸும் விழுந்தார். புழுவுக்குப் பதிலாக ஒட்டுண்ணி, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் இருக்கு. நாலு வருஷமாக ராத்திரி பகலாக மலேரியாவையே பார்த்த கண் அது. கையில் ஸ்பேனர் மட்டும் வைத்திருக்கிறவனுக்கு எந்த மெஷின் நின்றாலும் நட்டு லூஸ் ஆன மாதிரிதான் தெரியும். ராஸின் பலமே அந்த இடத்தில் அவரைக் கவிழ்த்தது.

பதில் மதராஸில் இருந்தது

1899 தொடக்கத்தில் ராஸ் இந்தியாவை விட்டுப் போனார். லிவர்பூலில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆசிரியர். மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்க் கொசு ஒழிப்பு வேலை. 1902-ல் நோபல்.

அதே காலத்தில் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சார்லஸ் டோனோவன் என்றொரு பேராசிரியர் இருந்தார். கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரர். உடலியங்கியல் பாடம் நடத்திக்கொண்டே அரசு பொது மருத்துவமனையில் நோயாளிகளையும் பார்த்தார். நாள்பட்ட மலேரியா என்று சீட்டு எழுதப்பட்டுப் படுத்திருந்த சிலரைப் பற்றி அவருக்குச் சந்தேகம். மண்ணீரல் பெரிசா இருக்கு, காய்ச்சல் இருக்கு, ஆனா ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் காணோம். கொய்னாவும் கேட்கவில்லை. அப்புறம் எப்படி அது மலேரியா?

1903 ஏப்ரலில், இறந்துபோன ஒரு நோயாளியின் மண்ணீரலில் சின்னச் சின்ன முட்டை வடிவ உருவங்களைப் பார்த்தார். செத்த பிறகு திசு கெட்டு உண்டானதாகவும் இருக்கலாமே? அந்தச் சமயத்தில் இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மன் ஒரு கட்டுரை வெளியிட்டார். கல்கத்தா பக்கத்து டம்டம்மில் வேலை பார்த்துத் திரும்பி 1900-ல் இறந்துபோன ஒரு சிப்பாயின் மண்ணீரலில் இதே உருவங்களைப் பார்த்ததாக அதில் எழுதியிருந்தார். வேறொரு ஒட்டுண்ணி சிதைந்துபோன மிச்சமாக இருக்கும் என்பது அவருடைய ஊகம்.

டோனோவன் அடுத்து செய்ததுதான் வழக்கை முடித்தது. 1903 ஜூன் 17 அன்று, காய்ச்சலோடு உயிருடன் இருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி போட்டுத் துளி எடுத்தார். அதிலும் அதே உருவங்கள். செத்ததால் வந்தது அல்ல, சிதைந்ததும் அல்ல. இது ஒரு தனி ஒட்டுண்ணி, தனி நோய். ஸ்லைடுகளைப் பாரிஸில் லாவெரானுக்கும் லிவர்பூலில் ராஸுக்கும் அனுப்பி வைத்தார்.

இப்போது ராஸ் மேஜையில் இருப்பது தன்னுடைய சொந்த அறிக்கையைத் தப்பு என்று காட்டும் கண்ணாடித் துண்டு. நோபல் வாங்கி ஒரு வருஷம்கூட முழுசா ஆகவில்லை. அமுக்கி வைக்க நினைத்திருந்தால் காரணம் தேடுவது கஷ்டமில்லை. அதிலும் ராஸ் சாந்தமான ஆளும் இல்லை. கொசுக் கண்டுபிடிப்பில் யார் முந்தி என்று இத்தாலிய விஞ்ஞானி கிராஸியோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டவர்.

ஆனால் இந்த விஷயத்தில் ஸ்லைடைப் பார்த்தார், புது உயிரி என்று ஒத்துக்கொண்டார், 1903 நவம்பரில் பெயரும் வைத்தார்: லீஷ்மேனியா டோனோவானி. தன் பெயரைச் செருகவில்லை. கண்டுபிடித்த இரண்டு பேர் பெயரும் அதில் இருக்கு. மலேரியா என்று தானே முடித்துவைத்த ஒரு நோயை மலேரியாவிலிருந்து பிரித்து எழுதிய கையும் அவருடையதாகவே ஆனது.

பிரித்ததால் என்ன லாபம்? கொய்னா கொடுத்துக் காத்திருப்பது நின்றது. சரியான மருந்தைத் தேட ஆரம்பித்தார்கள். கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி உருவாக்கிய யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்து, 1920-களில் ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியது. நோய்க்குச் சரியான பெயர் கிடைக்காமல் இருந்திருந்தால் அந்த மருந்தை யாருக்குக் கொடுப்பது என்றே தெரிந்திருக்காது.

கணக்கு வாத்தியார் ராஸ்

பிற்காலத்து ராஸ் நம்ம ஆள். அதாவது கணக்கு ஆள். கொசுவை முழுசா ஒழிக்கவே முடியாது, அதனால் மலேரியாவை நிறுத்தவும் முடியாது என்று பலர் வாதாடினார்கள். ராஸ் சமன்பாடு எழுதிக் காட்டினார். ஒரு மனிதனுக்கு இத்தனை கொசு என்ற விகிதம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் போதும், கடைசிக் கொசு சாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நோய் தானே தேய்ந்துபோகும். 1910-ல் வந்த அவருடைய மலேரியா தடுப்பு நூலில் இந்தக் கணக்கு இருக்கு. அவரோடு ஆப்பிரிக்கா போன மெக்கென்ட்ரிக், 1927-ல் கெர்மாக்குடன் சேர்ந்து தொற்று பரவலுக்கு எழுதிய சமன்பாடுகள்தான் கொரோனா காலத்து வளைகோடுகளுக்கெல்லாம் தாத்தா.

1911-ல் சர் பட்டம். 1926-ல் லண்டனில் அவர் பெயரில் ஒரு நிறுவனம். 1927-ல் கல்கத்தாவில் அவர் வேலை செய்த இடத்தில் நினைவு வளைவு திறந்தபோது நேரில் வந்து பார்த்தார். 1932 செப்டம்பர் 16 அன்று, தன் பெயர் தாங்கிய அந்த லண்டன் நிறுவனத்திலேயே காலமானார். வயசு 75.

மதுரை மழைக்காலமும் ராஸின் தப்பும்

இப்ப நம்ம கதைக்கு வருவோம். கொசுவால் பரவும் நோய்களை ஆராய மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி மையம் ஒன்று சின்ன சொக்கிகுளத்திலேயே பல வருஷமா இருக்கு. ராஸ் ஆரம்பித்த வேலை நம்ம ஊர்த் தெருவிலும் நடக்குது. ஆனாலும் அசாமில் நடந்த தப்பு நடக்க மதுரையில் எல்லா வாய்ப்பும் இருக்கு. ஒரே மழையில் கொசு பெருகும், வயல் புதரில் உண்ணி பெருகும், எலி நனைந்த தண்ணீரில் கால் வைப்போம், குடிதண்ணீரிலும் கழிவு கலக்கும். டெங்கு, சிக்குன்குனியா, ஸ்க்ரப் டைபஸ் என்கிற உண்ணிக்காய்ச்சல், எலிக்காய்ச்சல், டைபாய்டு எல்லாத்துக்கும் ஒரே சீசன். ஒரே ஆளுக்கு டெங்குவும் உண்ணிக்காய்ச்சலும் சேர்ந்து வந்ததை இந்திய மருத்துவர்கள் பதிவு செஞ்சிருக்காங்க.

குழப்பம் எங்கெல்லாம் வரும்னு பார்ப்போம்.

முதலில் பிளேட்லெட். குறைஞ்சா டெங்குன்னு நாமே முடிவு பண்ணிடுறோம். மலேரியா, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் எல்லாத்திலும் பிளேட்லெட் குறையும். அது உடம்பு எவ்வளவு பாதிச்சிருக்குன்னு சொல்லும், யார் பண்ணினதுன்னு சொல்லாது.

அடுத்து ஆன்டிபாடி டெஸ்ட். டெங்குவுக்கு முதல் சில நாளில் வைரஸின் புரதத்தையே தேடும் என்எஸ்1 சோதனை. அஞ்சு நாள் தாண்டினால் ஐஜிஎம் என்கிற ஆன்டிபாடி. அந்த ஐஜிஎம் நோய் போன பிறகும் ரெண்டு மூணு மாசம் ரத்தத்தில் இருக்கலாம். ஆக ஐப்பசியில் வந்து போன டெங்கு, மார்கழிக் காய்ச்சலிலும் பாசிட்டிவ் காட்டும். டைபாய்டுக்கு எடுக்கும் வைடல் இன்னும் மோசம். பழைய டைபாய்டு, தடுப்பூசி, சில வேறு காய்ச்சல்கள்கூட அதைப் பாசிட்டிவ் ஆக்கிவிடும். ஒரே ஒரு வைடலை வைத்து எதையும் முடிவு பண்ண முடியாது.

மூன்றாவது, தடிப்பு. தடிப்பு எங்கே ஆரம்பிச்சது, எந்த நாள் வந்தது என்பது முக்கியம். தட்டம்மை என்றால் இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு முதலில் வரும். பிறகு காதுக்குப் பின்னாலும் முகத்திலும் தொடங்கித் தடிப்பு கீழே இறங்கும். சின்னம்மையில் புள்ளி, கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றும் ஒரே சமயத்தில் உடம்பில் இருக்கும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில் உடம்பு சிவந்து நடுநடுவே வெள்ளைத் திட்டு தெரியலாம். சாப்பிட்ட மாத்திரை ஒத்துக்காமலும் தடிப்பு வரும். நம்ம மாநிறத் தோலில் லேசான சிவப்பு சுலபமாகக் கண்ணில் படாது. எல்லாத்தையும் அம்மை என்ற ஒரே சொல்லில் போட்டு மூடினால், ராஸ் எல்லாத்தையும் மலேரியாவில் போட்ட மாதிரிதான்.

நான்காவதுதான் உயிர் விஷயம். உண்ணிக்காய்ச்சலைப் பரப்புவது கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு. அது கடித்த இடத்தில் சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு வரும். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, அரைஞாண் கயிற்றுக்குக் கீழே, முட்டிக்குப் பின்னால் என்று நாமே பார்க்காத இடத்தில்தான் இருக்கும். எல்லா நோயாளிக்கும் அந்தப் பொருக்கு இருக்காது, இருந்தால் அதைவிடப் பெரிய துப்பு வேறில்லை. டாக்ஸிசைக்ளின் மாதிரி விலை குறைந்த மாத்திரை ஆரம்பத்திலேயே கொடுத்தால் பெரும்பாலும் ரெண்டு நாளில் காய்ச்சல் இறங்கிடும். டெங்கு பாசிட்டிவ் வந்துருச்சு, டெங்குவுக்குத் தனி மருந்து கிடையாது, காத்திருப்போம் என்று பத்து நாள் போனால், நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கலாம். அந்தப் பாசிட்டிவ் பொய்யில்லை. அதைப் பார்த்ததும் தேடலை நிறுத்தினதுதான் ஆபத்து.

இதுக்காக ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஏழெட்டு டெஸ்ட் எடுக்கணும்னு அர்த்தம் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு நோய்தான். ஆனா கிடைச்ச பதில் நோய் போகிற போக்கோடு ஒத்துப்போகணும். டெங்கு என்றால் காய்ச்சல் வழக்கமாக ஒரு வாரத்துக்குள் இறங்கணும். எட்டாம் நாளும் அடிக்குதுன்னா, சிகிச்சை கேட்கலைன்னா, கேள்வியை மறுபடி திறக்கணும். டோனோவன் செய்தது அதுதான்: கொய்னா கேட்கலையே, அப்புறம் எப்படி இது மலேரியா?

டாக்டருக்கு நாம் செய்யக்கூடிய உதவி சின்னதுதான். காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது, தடிப்பு எந்த நாள் எங்கே தொடங்கியது என்று போனில் குறிச்சு வைங்க. கடைசி ரெண்டு வாரத்தில் எங்கே போனீங்க, வயல், புதர், தேங்கின தண்ணீர், கிரவுண்ட் புல் எல்லாத்தையும் சொல்லுங்க. சாப்பிட்ட மாத்திரை எல்லாம் சொல்லுங்க, மெடிக்கல் ஷாப்பில் வாங்கினதையும் சேர்த்து. கூச்சப்படாம உடம்பு முழுக்கப் பார்க்க விடுங்க. டெங்கு சந்தேகம் இருக்கும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ரத்தக்கசிவு, மூச்சு வாங்குவது, அரை மயக்கம் இதில் எது வந்தாலும், காய்ச்சல் இறங்கியிருந்தால்கூட, ராத்திரி எத்தனை மணியானாலும் நேரே கோரிப்பாளையம் ராஜாஜி மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவமனைக்கோ போயிடுங்க.

அடுத்த ஆகஸ்ட் 20-க்கு ராஸைப் பற்றிப் பேச்சு வந்தால், செகந்திராபாத்தோடு நிறுத்த வேண்டாம். அசாமையும் சொல்லுங்க, மதராஸிலிருந்து லிவர்பூலுக்குப் போன அந்த ஸ்லைடையும் சொல்லுங்க.